கணக்கின் பிழையையும் கணக்கிட்டவர்

நாட்டில் வேலையின்றி இருப்போர் இத்தனை சதவீதம், கிராமப்புறக் குடும்பம் ஒன்று உணவுக்குச் செலவிடும் பங்கு இவ்வளவு என்று அவ்வப்போது புள்ளிவிவரங்கள் வெளியாகின்றன. அவற்றைப் படிக்கும் பெரும்பாலோருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தம் வீட்டுக்கோ அண்டை வீட்டுக்கோ எவரும் வந்து எதையும் கேட்டதில்லை. பிறகு இந்த எண் எங்கிருந்து வந்தது? சில லட்சம் குடும்பங்களை மட்டும் விசாரித்துவிட்டு 140 கோடிப் பேரைப் பற்றிப் பேசும் துணிவு அரசுக்கு எப்படி வந்தது? அந்தத் துணிவை இந்தியாவுக்குக் கற்றுத்தந்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவருடைய பெயர் இன்று பெரும்பாலும் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. அது அவர் வாழ்வின் ஒரு பகுதி; என் கணிப்பில், சிறந்த பகுதியும் அன்று.

கொல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த குடும்பம் ஒன்றில் 1893 ஜூன் 29 அன்று பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கு ஆசிரியர்களாக இருந்த காலம் அது. 1913-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர், கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மயங்கி நின்று லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார் என்பர். அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தார்.

அங்கேதான் சீனிவாச ராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரில் நடுங்கியபடி மேலங்கியோடு உறங்கிக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு, படுக்கையில் இறுக்கிச் செருகப்பட்டிருந்த கம்பளிகளை விலக்கி அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான். 1914 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த புதிர் ஒன்றை அவர் ராமானுஜனிடம் எடுத்துச் சென்ற நிகழ்ச்சி தமிழ் வாசகர் பலருக்கும் தெரிந்ததே. ஒரு தெருவில் வீடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள் எனில் அந்த வீடு எது? மகலனோபிஸ் சில நிமிடங்கள் முயன்று விடை கண்டார். 288 வீடுகளில் 204-ஆவது வீடு. அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜனோ, இப்படிப்பட்ட எல்லா விடைகளையும் ஒருங்கே தரும் தொடர் பின்னத்தைச் சொல்லிவிட்டார். இந்தக் கதை ராமானுஜனின் மேதைமைக்குச் சான்றாகவே எப்போதும் சொல்லப்படுகிறது. ஆனால், மற்றவரின் இயல்பும் அதில் தெரிகிறது. வேலைக்கு உதவும் ஒரு விடை, அதுவும் கைக்கெட்டும் காலத்தில் கிடைத்தால் போதும் என்று நினைப்பவர் மகலனோபிஸ்.

1915-இல் படிப்பு முடிந்தது. உலகப் போரால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் ஆசிரியர் மெக்காலே அவருக்கு பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழைக் காட்டினார். உயிரினங்களின் அளவுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியையும் பரவலையும் கணித முறையில் ஆராயும் இதழ் அது. தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். சிறிது காலம் தாய்நாட்டில் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்புவதே திட்டம். மாநிலக் கல்லூரியில் தற்காலிகமாக ஏற்ற இயற்பியல் ஆசிரியர் பணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

முதலில் வந்த புள்ளியியல் வேலைகள் சிறியவை. கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை ஆராயும்படி தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் கேட்டுக்கொண்டார். 1920-இல் நாகபுரியில் கூடிய அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத் துறைத் தலைவர் நெல்சன் அனண்டேல், தாம் திரட்டி வைத்திருந்த ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து தருமாறு வேண்டினார். மனிதர்களை மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரிக்கும் அந்தக் கலைக்கு இன்று மதிப்பில்லை. இல்லாதிருப்பதே நல்லது. ஆனால், அந்த அளவுகளோடு மல்லுக்கட்டியதிலிருந்து பிறந்த கருவி உலகெங்கும் நிலைத்துவிட்டது.

அதைப் புரிந்துகொள்ள, வணிகவியல் மாணவருக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்றே போதும். இரு கடைகளின் சராசரி நாள் விற்பனை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் விற்பனை அன்றாடம் 9,500-க்கும் 10,500-க்கும் இடையே நிற்கிறது. இரண்டாவது கடையில் ஒருநாள் 2,000, மறுநாள் 18,000. சராசரி ஒன்றே, ஆனால், இரண்டாவது கடைக்காரருக்கு உறக்கம் வராது. சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சொல்வதே திட்ட விலக்கம். முதல் கடையில் ஒருநாள் விற்பனை 8,000 ஆகக் குறைந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது கடையில் அதே 8,000 ஒரு செய்தியே இல்லை. அதாவது, வேறுபாட்டை ரூபாயில் அளப்பதைவிட, அந்தந்த இடத்தில் இயல்பாக உள்ள சிதறலைக் கொண்டு அளப்பதே பொருளுடையது. உயரம், தலையகலம், மூக்கு நீளம் எனப் பல அளவுகள் ஒருசேர வரும்போதும், அவற்றில் ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடும் என்ற உறவு இருக்கும்போதும் இதை எப்படிச் செய்வது என்பதற்கு அவர் கண்ட விடையே, 1936-இல் முழுவடிவில் வெளியான மகலனோபிஸ் தொலைவு. திரளான பதிவுகளிடையே கூட்டத்தோடு ஒட்டாத ஒன்றைக் கண்டுபிடிக்க இன்றைய கணினி நிரல்களும் அதைப் பயன்படுத்துகின்றன.

1922-இல் வட வங்காளத்தை வெள்ளம் சூழ்ந்தது. பெருஞ்செலவில் நீர்த்தடுப்புத் தேக்கங்கள் கட்ட வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். ஐம்பது ஆண்டுகால மழைப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், தேக்கங்களால் பயனில்லை, வந்த நீர் விரைவாக வடிவதற்கு வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926-இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம். ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துவதே வழி என்பது வல்லுநர் கருத்து. அறுபது ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தபோது படுகை உயர்ந்ததற்குச் சான்றே இல்லை. மேற்பகுதியில் பெய்யும் பெருமழையே காரணம், அணை கட்ட வேண்டியது மேலே என்றார். 1957-இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையின் தொடக்கச் சிந்தனைகளில் அவருடைய கணக்குகளுக்கும் இடமுண்டு. கண்ணெதிரே நிற்கும் ஓராண்டு வெள்ளத்தைப் பார்த்து முடிவெடுப்பதா, பல்லாண்டுப் பதிவுகளின் போக்கைப் பார்ப்பதா என்பதுதான் இரு இடங்களிலும் கேள்வியாக இருந்தது.

மாநிலக் கல்லூரி இயற்பியல் துறையில் அவருடைய அறையே புள்ளியியல் ஆய்வகமாயிற்று. 1931 டிசம்பரில் நண்பர்களோடு கூடி முடிவெடுத்து, 1932 ஏப்ரலில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். முதலாண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. அடுத்த ஆண்டு சாங்க்யா ஆய்விதழ் தொடங்கியது. ஆர்.சி.போஸ், எஸ்.என்.ராய், பின்னர் சி.ஆர்.ராவ் என உலகம் அறிந்த பெயர்கள் அந்த அறையின் வழியாகவே வந்தன. தாகூரின் அணுக்கத்திலேயே வாழ்ந்து, விஸ்வபாரதியின் இணைச் செயலாளராகவும் பத்தாண்டுகள் உழைத்த மனிதர் இதற்கெல்லாம் எப்படி நேரம் கண்டார் என்பது வியப்புக்குரியது.

அவருடைய ஆகச் சிறந்த பணி சணல் வயல்களில் நடந்தது. வங்காளத்தின் பணப்பயிர் சணல். எவ்வளவு பயிரிடப்பட்டுள்ளது என்று அறுவடைக்கு முன்பே தெரியாவிட்டால் ஆலைக்காரர், தரகர், உழவர் அனைவரும் இருட்டில் பேரம் பேச வேண்டும். அப்பேரத்தில் தோற்பவர் பெரும்பாலும் உழவர்தான். கிராமக் காவலர் வழியாக அரசுக்கு வந்த கணக்குகளோ ஊகங்கள். 1937 முதல், சணல் குழுவின் ஆதரவில், மாதிரி முறையில் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிட அவர் முனைந்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நாமறிவோம். ஆனால், பானையில் சோறு ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது செல்லும். வங்காளத்து வயல்களோ ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. வேலையாளிடம் விட்டால் சாலையோர வயலை அளப்பார். முழங்கால் சேற்றைக் கடந்து போக மாட்டார். ஆகவே, எந்த நிலத்தை அளப்பது என்பதை மனிதர் கையில் விடாமல், நில வரைபடத்தில் குலுக்கல் முறையில் சிறு கட்டங்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லா இடங்களுக்கும் அகப்படும் வாய்ப்பு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், நிகழ்தகவுக் கணிதம் ஒரு பெரும் உதவியைச் செய்கிறது. மாதிரியிலிருந்து கிடைக்கும் மதிப்பு உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதையும் அதே மாதிரியைக் கொண்டே சொல்லிவிடலாம். மதிப்பீடு இவ்வளவு, அதில் கூடவோ குறையவோ இவ்வளவு பிழை இருக்கலாம், நூற்றுக்கு 95 முறை உண்மை இந்த எல்லைக்குள் நிற்கும் என்று சொல்லும் நிலை உருவாகிறது.

இதில் பலரும் நம்ப மறுப்பது ஒன்றுண்டு. பிழையின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மாதிரியின் அளவுதான், நாட்டின் அளவன்று. பத்து லட்சம் பேர் உள்ள நகருக்கும் பத்துக் கோடி பேர் உள்ள மாநிலத்துக்கும், மக்களின் வேறுபாடுகள் ஒத்திருக்குமானால், ஒரே அளவு மாதிரி ஏறத்தாழ ஒரே துல்லியத்தைத் தரும். ஆனால், அந்தத் துல்லியத்துக்கு விலை உண்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். எனவே, எந்த அளவோடு நிறுத்துவது என்பது கணிதக் கேள்வியாக மட்டும் இல்லாமல் பணக் கேள்வியும் ஆகிறது. ஊழியர் வயலுக்கு நடந்து செல்லும் நேரம், அளக்கும் நேரம், ஊர் திரும்பும் நேரம் என்று பிரித்துக் குறித்து, கையிலுள்ள தொகைக்கு அதிகபட்சத் துல்லியம் தரும் திட்டத்தை வகுத்தவர் மகலனோபிஸ். ஆண்டுதோறும் சிறிய முன்னோட்டம் நடத்தி, அதில் கற்றதைக் கொண்டு அடுத்த ஆண்டு விரிவாக்கி, 1941-இல் மாகாணம் முழுவதையும் எட்டினார்.

மனிதர் செய்யும் தவறு கணிதத்துக்குக் கட்டுப்படாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஒரே பகுதியிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவரை ஒருவர் அறியாத இரு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரண்டு விடைகளும் ஒத்துவந்தால் நல்லது. பெரிதும் முரண்பட்டால் எங்கோ அளவு தவறியிருக்கிறது அல்லது எவரோ மரத்தடியில் அமர்ந்து படிவத்தை நிரப்பியிருக்கிறார். விளைச்சலை மதிப்பிடச் சிறு வட்டங்களில் பயிரை அறுத்து நிறுத்தபோது, வட்டம் சிறுத்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டுவதையும் கண்டுபிடித்தார். விளிம்பில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்ளவே கை நீள்கிறது. வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் பி.வி.சுகாத்மேயோடு அவருக்கு நடந்த வாதம் நெடுநாள் நீடித்தது. அதில் சுகாத்மேயின் பக்கமும் நியாயம் இருந்தது.

ஒரு கட்டத்தில் அரசு வயல்தோறும் ஆளனுப்பி முழுக் கணக்கும் எடுத்தது. சுங்க, வணிகப் பதிவுகளோடு பின்னர் ஒப்பிட்டபோது, மாதிரிக் கணக்கு அவற்றை மிக நெருங்கி நின்றது. முழுக் கணக்கோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. செலவிலும் மாதிரிக் கணக்கே மிகச் சிறியது. எல்லாவற்றையும் எண்ணினால் உண்மை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி இது. எண்ண வேண்டியவை பெருகினால் எண்ணுவோரும் பெருக வேண்டும். அவர்களைப் பயிற்றவும் மேற்பார்க்கவும் முடியாமல் போகும். எவ்வளவு தவறியது என்பதை முழுக் கணக்கு தானாகச் சொல்வதும் இல்லை.

1943-இன் வங்கப் பஞ்சத்துக்குப் பின் அதே முறையைக் கொண்டு கிராமக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். எத்தனை பேர் நிலத்தை விற்றனர், உழவு மாடுகளை இழந்தனர் என்பதெல்லாம் அந்த ஆய்வில் பதிவாயிற்று. பஞ்சம் யாரை எப்படித் தாக்கியது என்பதற்கு எண்களால் ஆன சாட்சியம் அது.

1947-இல் தில்லிக் கலவரத்தின்போது நடந்ததாக சி.ஆர்.ராவ் எழுதிவைத்துள்ள நிகழ்ச்சியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. செங்கோட்டைக்குள் ஏராளமானோர் தஞ்சம் புகுந்திருந்தனர். அவர்களுக்கு உணவு வழங்கும் ஒப்பந்தக்காரர்கள் கேட்ட தொகை அரசைத் திகைக்கவைத்தது. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணும் சூழல் இல்லை. மகலனோபிஸின் நிறுவனத்தைச் சார்ந்த ஜே.எம்.சென்குப்தாவிடம் இருந்தவை அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றுக்கான பற்றுச்சீட்டுகள் மட்டுமே. தலைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு செலவாகும் என்ற சராசரி, முந்தைய குடும்ப ஆய்வுகளிலிருந்து தெரியும். வகுத்துப் பார்த்தால் மூன்று பொருள்களும் ஒரே ஆள்தொகையைக் காட்ட வேண்டும். அரிசிக் கணக்கு மிகப் பெரிய தொகையையும் உப்புக் கணக்கு மிகச் சிறிய தொகையையும் காட்டின. விலை மலிந்த உப்பில் பொய்க்கணக்கு எழுதி எவருக்கும் ஆதாயமில்லை. ஆகவே உப்பு சொன்னதே உண்மைக்கு அருகில் என்று கொள்ளப்பட்டது. ஆட்களை நேரில் எண்ண முடிந்த ஹுமாயூன் கல்லறை முகாமில் இதே வழியைச் சோதித்தபோது அது சரியாகவே வந்ததாம்.

சுதந்திரத்துக்குப் பின், 1949-இல், அமைச்சரவைக்கு மதிப்புறு புள்ளியியல் ஆலோசகரானார். நாட்டு வருமானத்தைக் கணக்கிட முனைந்தபோது மக்கள் எதை உண்கிறார்கள், எவ்வளவு ஈட்டுகிறார்கள் என்பதற்கே ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதற்சுற்று தொடங்கி, 1,833 கிராமங்களில் நடந்தது. ஊருக்கு ஊர் மொழி வேறு, முகத்தலளவை வேறு, நில அளவை வேறு. ஒரு மரக்காலும் அடுத்த தாலுகாவின் மரக்காலும் ஒன்றல்லாத நாட்டில், அவற்றையெல்லாம் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். வறிய நாடொன்றில் இத்தகைய முயற்சிக்கு அன்று முன்மாதிரி இல்லை.

இரண்டாவது திட்டத்தைப் பற்றி எழுதுவோர் ஏராளம், சுருக்கமாகவே சொல்கிறேன். 1955-இல் அவர் வரைந்த திட்டச் சட்டகம் கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்தது. முதலீட்டை எந்தத் துறையில் எவ்வளவு போட்டால் வருமானமும் வேலையும் எவ்வளவு வளரும் என்று காட்டும் விகிதங்கள் அதன் அச்சாணி. அவற்றுள் பல, போதிய தரவில்லாத ஊகங்கள். சணல் மதிப்பீட்டைப் பிழை எல்லையோடு சேர்த்தே எண்ணிப் பழகியவர், ஒரு நாட்டின் எதிர்காலத்துக்கான எண்களில் அந்த எல்லையை அழுத்தமாகக் காட்டாமல் போனது புதிர்தான். பொருளாதார அறிஞர் பி.ஆர்.ஷெனாய் அப்போதே மறுப்புக் குறிப்பு எழுதினார். 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. உணவு தானிய இறக்குமதியும் பெருகியது.

1963-இல் மக்களவையில் எழுந்த அணா விவாதத்தில் அவருடைய கணக்கெடுப்புக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கின்றனர் என்றார் ராம் மனோகர் லோகியா. நேரு 15 அணா என்றார். அணா நாணயக் கணக்கு 1957-இலேயே போய்விட்டது. பேச்சில் மட்டும் இருந்தது. 15 அணா என்பது நாட்டு வருமானத்தை எல்லாத் தலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் வரும் சராசரி. டாட்டாவும் அதில் உண்டு, கூலியாளும் உண்டு. மாதிரிக் கணக்கெடுப்பின் அடிப்படையில் கீழ்த்தட்டு மக்களை மட்டும் பார்த்தபோது அமைச்சர் நந்தா கூறிய தொகை ஏழரை அணா. லோகியாவின் மூன்று அணா மிகைதான். ஆனால், 15 அணாவில் வாழ்ந்த மனிதர் பெரும்பான்மையர் அல்லர் என்பதை அரசின் சொந்தக் கணக்கே ஒப்புக்கொண்டது. மக்களைச் செலவு வரிசையில் நிறுத்திச் சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே ஒப்பிடும் முறை ஒன்றை மகலனோபிஸ் சில ஆண்டுகளுக்கு முன்னரே உருவாக்கியிருந்தார் என்பதும் கருதத்தக்கது.

திட்டங்களால் பெருகிய வருமானம் யாருக்குச் சென்றது என்று ஆராய 1960-இல் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1964-இல் வெளியான அதன் அறிக்கை, பொருளாதார வலிமை சிலரிடம் குவிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. தாம் வரைந்த திட்டத்தின் விளைவையும் உள்ளடக்கிய அறிக்கையில் அவர் கையொப்பமிட்டார். 1968-இல் பத்மவிபூஷண் பெற்றார். 1972 ஜூன் 28 அன்று, 79-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், கொல்கத்தாவில் காலமானார்.

2007 முதல் அவருடைய பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அவர் தொடங்கிய கணக்கெடுப்பின் 2017-18 நுகர்வுச் செலவு முடிவுகளைத் தரக்குறைவு என்ற காரணம் காட்டி 2019 நவம்பரில் அரசு வெளியிடாமல் நிறுத்திவைத்தது. 2011-12-க்குப் பின் மக்கள் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்ற அதிகாரபூர்வக் கணக்கு, 2022-23 ஆய்வின் முடிவுகள் 2024 பிப்ரவரியில் வெளிவரும் வரை நாட்டுக்குக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழைகள் எத்தனை பேர் என்பது பற்றி வல்லுநர்கள் சொன்ன எண்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நின்றன.